சங்குக்கு விழுந்த 226,343 வாக்கு: அதை எப்படி அளப்பது?

கோப்பாய்க்காரன் (#1)

2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு நாடு முழுவதும் கிடைத்தது 226,343 வாக்கு. 1.70 சதவீதம், ஐந்தாம் இடம். நாமல் ராஜபக்சவுக்கு அடுத்த ஆள். இதை வெற்றி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவமானம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலிலும் இதேபோல ஒருவரை நிறுத்த வேண்டும் என்ற கதை இப்போது திரும்பத் தொடங்கியிருப்பதால்தான் இந்த இழை.

என் கேள்வி ஒன்றுதான். வெல்வதற்காக நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருவர் நின்றால், அவர் நினைத்தது நடந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? நான் போன கூட்டம் ஒன்றிலும் "இத்தனை வாக்கு வந்தால் மக்கள் ஆணை, அதற்குக் கீழே போனால் இல்லை" என்று எவரும் சொல்லவில்லை. "நமக்காக நாம்" என்றார்கள். சரி, நாம் எத்தனை பேர்?

மாவட்ட வாரியாகப் பாருங்கள். யாழ் தேர்தல் மாவட்டத்தில் (கிளிநொச்சியும் இதற்குள்தான்) சங்கு 116,688, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் பிரேமதாச 121,177. வித்தியாசம் நாலாயிரத்து ஐந்நூறும் இல்லை. வன்னியில் 36,377. மட்டக்களப்பில் 36,905. திருகோணமலையில் 18,524. மொத்த வாக்கில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பெட்டிகளில் இருந்து வந்திருக்கிறது. வேட்பாளர் மட்டக்களப்புக்காரர். கிழக்கிலிருந்து ஒருவரை நிறுத்தியதே வடக்கையும் கிழக்கையும் சேர்த்துக் காட்டத்தான். அவருடைய சொந்த மாவட்டத்தில் 11.58 சதவீதம், நான்காம் இடம். இதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைத்தான் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பனங்கொட்டை (#2)

சின்னத்தைக் கண்டவுடனேயே சொன்னேன், செத்த வீட்டில்தான் முதலில் சங்கு ஊதுவார்கள் என்று.

---

ஓய்வு_வாத்தியார் (#3)

தம்பி பனங்கொட்டை, அந்தப் பகிடியைத் தேர்தல் முடியும்வரை தேநீர்க் கடைகளில் கேட்டுக் காது புளித்துவிட்டது. கோயிலிலும் சங்குதான் ஊதுகிறார்கள். விடுவோம்.

கோப்பாய்க்காரன் கேட்ட கேள்வி புதியதல்ல. 1982 ஒக்டோபர் 20 ஆம் தேதி நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் குமார் பொன்னம்பலம் நின்றார். அப்போது வலுவாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது. நாடு முழுவதும் அவருக்கு 173,934 வாக்கு, 2.67 சதவீதம். யாழ் மாவட்டத்தில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். ஆனால் போட்டவர்களில் 40 சதவீதம் பேர் அவருக்கே போட்டார்கள், மாவட்டத்தில் முதலிடம். சுதந்திரக் கட்சியின் கொப்பேகடுவ இரண்டாவது, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன மூன்றாவது.

நீங்கள் மட்டக்களப்பைப் பற்றிக் கேட்டபடியால் இதையும் சொல்கிறேன். 1982 இல் மட்டக்களப்பில் குமார் பொன்னம்பலத்துக்குச் சுமார் 39 சதவீதம் கிடைத்தது. ஜே.ஆரிடம் அவர் தோற்றது ஏறக்குறைய ஆயிரம் வாக்கால். கொழும்பில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்து வழக்கறிஞருக்கு, பெரிய கட்சியின் ஆதரவு இல்லாமல், மட்டக்களப்பில் 39. அந்த மாவட்டத்திலேயே உள்ள படுவான்கரை மண்ணின் மைந்தர் அரியநேத்திரனுக்கு 2024 இல் 11.58. இடையில் நாற்பத்திரண்டு வருடங்கள். அதற்குள் என்னென்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த 1982 வாக்கால் என்ன கிடைத்தது என்று என்னைக் கேட்டால், ஒன்றும் இல்லை. தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தில் ஜே.ஆர். சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். அடுத்த ஜூலையில் 83 இனக்கலவரம் வந்தது. "தமிழர் தனியாக ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்கள், கேட்போம்" என்று கொழும்பில் எவரும் உட்காரவில்லை.

இன்னொன்று. அன்று தகப்பனார் தேர்தலில் இறங்கினார், கூட்டணி விலகி நின்றது. 2024 இல் மகன் கஜேந்திரகுமாரின் கட்சி பகிஷ்கரிக்கச் சொன்னது, பழைய கூட்டணியின் வழிவந்தவர்களில் பாதிப்பேர் சங்கின் பின்னால் நின்றார்கள். எங்கள் அரசியலில் நிலைப்பாடுகளைப் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

---

நொத்தாரிசு (#4)

ஒரு சட்ட விடயம். "ஏன் ஒரு பேராசிரியரை, ஒரு ஆயரை, ஒரு ஆதீன முதல்வரை நிறுத்தவில்லை? எல்லா மதத்தவரும் மதிக்கிற ஒருவராக இருந்திருப்பாரே" என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 31 ஆம் உறுப்புரைப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று யாரையும் நியமிக்கலாம். சுயேச்சையாக நிற்பதென்றால் அவர் இப்போது எம்.பி.யாக இருக்க வேண்டும், அல்லது முன்னர் தெரிவு செய்யப்பட்ட எம்.பி.யாக இருந்திருக்க வேண்டும். ஆயருக்கும் பேராசிரியருக்கும் அந்த வழி அடைபட்டது.

அப்படியானால் கட்சி ஒன்றின் பெயரில் நிறுத்தியிருக்கலாம்தானே? அங்கேதான் சிக்கல். பொது வேட்பாளரை நிறுத்திய பொதுக் கட்டமைப்பில் ஏழு கட்சிகள், கூடவே சிவில் தரப்பு. ஒருவருடைய சின்னத்தை மற்றவர் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவாரா? மாட்டார். எனவே சுயேச்சை, எனவே முன்னாள் எம்.பி. அரியநேத்திரன் 2004 முதல் 2015 வரை பாராளுமன்றத்தில் இருந்தவர். தெரிவுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எல்லாம் தேட வேண்டாம், தகுதி உள்ளவர்களின் பட்டியலே சின்னது. அதற்குள் கிழக்கு வேண்டும், ஊழல் கதை இல்லாதவர் வேண்டும் என்றால் இன்னும் சின்னது.

அவர் தமிழரசுக் கட்சியின் மத்திய குழுவில் இருந்துகொண்டே நின்றார் என்பதையும் மறக்க வேண்டாம். அவருடைய கட்சி செப்டம்பர் முதலாம் தேதி வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. அதே கட்சியின் சிறீதரன் சங்குக்குப் பரப்புரை செய்தார். வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக்காரர் எவருக்குப் போட்டாலும் கட்சிக்குள்ளேயே ஒருவர் அதைச் சரி என்று சொன்னார்.

---

மானிப்பாய்_லண்டன் (#5)

எண்ணிக்கையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள் அண்ணை. 2005 க்குப் பிறகு ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு சிங்களத் தலைவரைத் தோற்கடிக்க இன்னொரு சிங்களத் தலைவருக்குப் போட்டோம். 2010 இல் பொன்சேகாவுக்கே போட்டோம்! போரை நடத்திய தளபதிக்கு! 2019 இல் யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 83 சதவீதம். 2024 இல் அதே சஜித்துக்கு 32. இது சின்ன மாற்றமா? ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் "எங்களுக்கென்று ஒரு அரசியல் இருக்கிறது" என்று பதிந்திருக்கிறார்கள். சர்வதேசத்துக்குக் காட்ட இது போதும்.

---

திருநெல்வேலிச்_சந்தை (#6)

சர்வதேசத்துக்குக் காட்டி முடிப்பதற்குள் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டதே லண்டன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடம், ஆறு ஆசனத்தில் மூன்று. செப்டம்பரில் ஜனாதிபதியாகத் தெரிவான அநுரவுக்கு இங்கே 27,086 வாக்கு. நவம்பரில் அவருடைய கட்சிக்கு 80,830. எட்டுக் கிழமை கூட இல்லை.

சங்கை ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி தன் சின்னமாக்கிக்கொண்டு பாராளுமன்றத் தேர்தலுக்கு வந்தது. பொதுச் சின்னம் என்று சொல்லி வாக்குக் கேட்டுவிட்டு, அதைக் கட்சிச் சின்னமாக எடுத்தது சரியா என்று சிவில் தரப்பே சண்டை பிடித்தது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சங்குக்கு ஒரு ஆசனமும் இல்லை. வன்னியில் மட்டும் ஒன்று. ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரும் எங்கே போனார்கள்?

---

மானிப்பாய்_லண்டன் (#7)

அது வேறு தேர்தல், வேறு கேள்வி. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசின் வீடு திரும்ப முன்னுக்கு வந்ததையும் சொல்லுங்களேன்.

---

படுவான்கரை (#8)

கோப்பாய்க்காரன் அண்ணை கேட்டபடியால் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த மட்டக்களப்பான், இப்போதும் இங்கேதான் வேலை. வாக்கு ஊரில். ஊருக்குப் போய் சங்குக்குத்தான் போட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஐந்து வாக்கு, சங்குக்கு இரண்டு.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பார்த்தால் கிழக்கு விளங்காது. இங்கே ஏறக்குறைய எல்லோரும் தமிழர். பிரதேச செயலாளர் யார், காணி யாருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்றால், சண்டை தமிழருக்குள்தான். ஜனாதிபதித் தேர்தலில் வாக்கை ஒரு செய்தியாகப் போட்டால் உங்களுக்கு உள்ளூரில் ஒன்றும் குறையாது. மட்டக்களப்பில் நாலில் ஒரு பங்கு முஸ்லிம்கள். திருகோணமலையில் முஸ்லிம்கள்தான் அதிகம், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்பாறையில் தமிழர் ஆறில் ஒரு பங்கு. தமிழர் கேட்கிற கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழுமையாகத் தரம் உயர்த்தும் பிரச்சினை எத்தனை வருடமாக இழுபடுகிறது என்று பாருங்கள். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வாக்குப் போடும்போது "அடுத்த ஜனாதிபதியோடு யார் கதைக்கப் போகிறார்?" என்றுதான் முதலில் யோசிக்கும். முஸ்லிம் காங்கிரசும் ரிஷாட்டும் சஜித்தோடு நின்றார்கள். எங்கள் மாவட்டத்துப் பிள்ளையான் அப்போதைய ஜனாதிபதி ரணிலோடு. இந்த நிலையில் "நமக்காக நாம்" என்று ஒருவர் வந்தால், "நீங்கள் தோற்ற பிறகு எங்களுக்கு யார்?" என்று அம்மா கேட்கிறார். அதற்குச் சங்குக்காரர் எவரிடமும் பதில் இல்லை.

ஆள் மீது கோபம் இல்லை. அரியநேத்திரன் ஐயா அம்பிளாந்துறைக்காரர், சாதாரண மனிதர், ஊருக்குள் நல்ல பெயர். ஆனால் அவரைத் தெரிந்தெடுத்ததும் கூட்டம் கூடியதும் ஒப்பந்தம் எழுதியதும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில். ஜூலை 22 ஆம் தேதி கையெழுத்து வைத்தது தந்தை செல்வா நினைவிடத்தில். அது பெரிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கச் சனத்துக்கு அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று யோசியுங்கள். முடிவை வடக்கு எடுத்தது, முகத்தைக் கிழக்கிலிருந்து எடுத்தது. நான் சொல்வது கடுமையாக இருந்தால் மன்னிக்க வேண்டாம், பதில் சொல்லுங்கள்.

---

ஓய்வு_வாத்தியார் (#9)

கடுமைதான். ஆனால் 39 எப்படி 11.58 ஆனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. 1982 இல் கிழக்குத் தமிழன் எதிர்பார்த்து ஏமாந்திருக்கவில்லை. 2007 இல் மாகாணங்கள் பிரிந்த பிறகு அவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வடக்கு அதைக் கவனிக்கவே இல்லை.

---

சோனகதெரு (#10)

அஸ்ஸலாமு அலைக்கும். படுவான்கரை எழுதியதில் முஸ்லிம்கள் ஒரு எண்ணாக வருகிறோம். ஆளாகவும் கொஞ்சம் வருகிறேன்.

நான் புத்தளத்தில் வளர்ந்தவன். 1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பம் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. இப்போது திரும்பி வந்து ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். தமிழ்தான் வீட்டு மொழி. சங்குக்காரர் எங்கள் தெருவுக்கும் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள், மரியாதையாகவே கதைத்தார்கள். ஆனால் அதில் முஸ்லிம்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தமிழ் பேசும் மக்கள் எல்லோருக்கும்" என்றார் ஒரு தம்பி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கையெழுத்து வைத்தவர்களில் ஒரு முஸ்லிம் கட்சி இல்லை, ஒரு பள்ளிவாசல் சம்மேளனம் இல்லை. எங்களைக் கேட்டுவிட்டு நாங்கள் மறுத்திருந்தால் அது வேறு. கேட்கவே இல்லை.

எங்கள் பக்கமும் இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறோம் என்பதை ஒளிக்கவில்லை. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஹிஸ்புல்லாஹ் கிழக்கு மாகாண ஆளுநர் பதவியை விட வேண்டி வந்தது. அதே 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கிடைத்தது 38,814 வாக்கு. காத்தான்குடிக்காரரும் தனியாக நின்றார், அம்பிளாந்துறைக்காரரும் தனியாக நின்றார். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு வாவிதான்.

---

பனங்கொட்டை (#11)

1990 ஐத் தொட்டால் இழை எங்கேயோ போய்விடும் சகோதரர்.

---

சோனகதெரு (#12)

அதைத் தொடாமல் "தமிழ் பேசும் மக்கள்" என்று துண்டுப்பிரசுரத்தில் எழுத முடியாது என்றுதான் சொல்கிறேன்.

---

நெறியாளர் (#13)

சாதி குறித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தலைப்போடு நில்லுங்கள்.

---

பாசையூர்_அலை (#14)

சோனகதெரு அண்ணை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கத்தோலிக்கர் பக்கத்தில் கதை வேறு. வேட்பாளர் சைவரா வேதக்காரரா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. செல்வநாயகம் கிறிஸ்தவர், சைவச் சனம் அவரைத் தந்தை என்றது. செல்வம் அடைக்கலநாதன் மன்னார்க் கத்தோலிக்கர், சுமந்திரன் மெதடிஸ்த. ஒருவரை விட்டு ஒருவர் விலகியது மதத்தால் இல்லை. சங்கைக் கண்டு இது சைவச் சின்னம் என்று யாரோ முகநூலில் எழுதியிருந்தார்கள். எங்களுக்குச் சங்கு கடலில் குளித்து எடுத்து விற்கிற பொருள், அவ்வளவுதான்.

நான் சங்குக்குப் போடாததற்குக் காரணம் இந்திய இழுவைப் படகு. ராமேஸ்வரத்துப் படகுகள் வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிற விடயத்தில் இலங்கை ஜனாதிபதி ஒருவர்தான் டில்லியோடு கதைக்க முடியும். எங்கள் பக்கக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது, "தமிழ்நாட்டு உறவுகளோடு பேசித் தீர்ப்போம்" என்றார்கள். அந்த உறவுகள்தான் வருகிறார்கள் ஐயா! வீட்டில் அவர் ரணிலுக்குப் போட்டார், நான் சஜித்துக்கு. எரிபொருள் வரிசை ஒழிந்தது என்று ரணிலுக்கு ஒரு நன்றி. ரணிலுக்கு யாழ்ப்பாணத்தில் விழுந்த 84 ஆயிரமும் அப்படியானதுதான் என்று நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை (#15)

ஒருவரும் தொடாத ஒன்று: விருப்பு வாக்கு. பரப்புரையில் சிலர் "சங்குக்கு 1 போடுங்கள், 2 உங்கள் விருப்பம்" என்றார்கள், சிலர் "1 மட்டும் போதும்" என்றார்கள். இரண்டும் ஒரே அமைப்புக்குள் இருந்து வந்தன.

முறை இதுதான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்குவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் 2 அல்லது 3 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவருக்குச் சேரும். 2024 இல்தான் முதல் முறையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது. அநுர 42.31, சஜித் 32.76. நீக்கப்பட்டவர்களின் வாக்கு ஏறக்குறைய 33 லட்சம். அதில் இரண்டாம் சுற்றில் சேர்ந்தது அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. அதாவது நூறு பேரில் எட்டுப் பேர்தான் பயன்படும்படி 2, 3 போட்டிருக்கிறார்கள். தெற்கிலும் வடக்கிலும் சனம் புள்ளடியோடு திரும்பிவிட்டது.

சரி, இருவருக்கும் இடையில் முதல் சுற்றிலேயே 12 லட்சத்து 70 ஆயிரம் இடைவெளி. சங்கின் 226,343 உம் அப்படியே ஒருவருக்குப் போனாலும் முடிவு மாறாது. பேரம் பேசும் பலம் என்றார்கள், அந்தப் பலம் இருவருக்கும் இடையில் நெருக்கமான போட்டி இருந்தால்தான் வரும். 2005 இல் மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில் 180,786. அப்போது யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 சதவீதம்! பலம் இருந்த வருடத்தில் புலிகள் வாக்குப் போட விடவில்லை, பலம் இல்லாத வருடத்தில் பலத்தைக் காட்டப் போனோம்.

இன்னொன்று. 2024 இல் யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்கு 25 ஆயிரத்துக்கு மேல். அதில் எத்தனை பகிஷ்கரிப்பு, எத்தனை அந்த நீளச் சீட்டைக் கண்டு குழம்பியது என்று பிரிக்க முடியாது. ஆனால் சங்குக்கும் சஜித்துக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல்.

---

திருநெல்வேலிச்_சந்தை (#16)

இந்த ஒரு பதிவுக்காகவே இழையைப் படிக்கலாம். கணக்குப்பிள்ளை அண்ணை, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

---

கணக்குப்பிள்ளை (#17)

சங்குக்கு. 2 சஜித், 3 ரணில். என் 2 எண்ணப்பட்டது என்பதில் ஒரு சின்னச் சந்தோசம்.

---

மானிப்பாய்_லண்டன் (#18)

எல்லோரும் எண்ணையே சொல்கிறீர்கள். அப்படியென்றால் சிவாஜிலிங்கம் 2010 இல் நின்று எடுத்த ஒன்பதாயிரத்துச் சொச்சமும், 2019 இல் எடுத்த பன்னிரண்டாயிரமும்தான் தமிழ்த் தேசியத்தின் அளவா? அதிலிருந்து இரண்டேகால் லட்சத்துக்கு வந்திருக்கிறோமே. அது வளர்ச்சி இல்லையா?

---

நொத்தாரிசு (#19)

அவர் தனியாக நின்றார், இவரை ஏழு கட்சி சேர்ந்து நிறுத்தியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1982 ஓடுதான் ஒப்பிட வேண்டும். அன்று 2.67, இன்று 1.70.

---

கோப்பாய்க்காரன் (#20)

எல்லாவற்றையும் படித்தேன். என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், நான் நடுவராக இருக்க வரவில்லை.

லண்டன் அண்ணை, சங்குக்குப் போட்டவர்களை நான் குறைத்து மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 31 சதவீதம் பெரிய விடயம். தமிழரசுக் கட்சி சஜித்துக்குப் போடச் சொல்லியும், கஜேந்திரகுமார் போகவே வேண்டாம் என்று சொல்லியும், அவ்வளவு பேர் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது யாழ்ப்பாணத்தின் மனநிலை. அதை வடக்கு கிழக்கின் ஆணை என்று எழுதினால், மட்டக்களப்பில் சங்குக்குப் போடாத தமிழர்களை அழித்துவிட்டு எழுதுகிறோம். படுவான்கரைத் தம்பியின் அம்மா கேட்டதற்குப் பதில் இல்லாமல் கிழக்கிலிருந்து இன்னொரு முகத்தைக் கொண்டுவந்தால் அடுத்தமுறை 11 கூட வராது.

அடுத்தமுறை நிறுத்துவதென்றால் மூன்று வருடம் முன்னதாகக் கிழக்கில் தொடங்க வேண்டும், அங்கே உள்ளவர்கள் தொடங்க வேண்டும். கல்முனை பற்றி எங்கள் நிலைப்பாடு என்ன, முஸ்லிம்களோடு காணி விடயத்தில் என்ன உடன்பாடு, இழுவைப் படகுக்கு என்ன சொல்கிறோம் என்பதை எழுத வேண்டும். அதை எழுதினால் ஏழு கட்சியும் பிரிந்துவிடும் என்கிறார்கள். பிரியட்டும், முன்னரே தெரிவது நல்லது. அப்புறம் எத்தனை வாக்கு வந்தால் எதைக் கேட்போம், வராவிட்டால் எதைக் கைவிடுவோம் என்பதையும் வேட்புமனுவுக்கு முதலே சொல்ல வேண்டும்.

---

மானிப்பாய்_லண்டன் (#21)

இலக்கை முன்னரே சொன்னால், அது வராவிட்டால் தென்னிலங்கை எங்களுக்கு எதிராகவே அதைப் பயன்படுத்துமே. "தமிழருக்கு உரிமை வேண்டாம் என்று தமிழரே சொல்லிவிட்டார்கள்" என்பார்கள்.

---

திருநெல்வேலிச்_சந்தை (#22)

சொல்லாமலே அதைத்தானே சொல்கிறார்கள் அண்ணை. நவம்பரில் மூன்று ஆசனத்தைக் காட்டிச் சொன்னார்கள்.

---

படுவான்கரை (#23)

கோப்பாய்க்காரன் அண்ணை, நீங்கள் சொன்ன கூட்டத்தைப் பட்டிருப்பிலோ வாழைச்சேனையிலோ வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் பார்வையாளர் வரிசையில் இருக்கட்டும். சோனகதெரு அண்ணையும் வந்தால் கூட்டிக்கொண்டு போக நான் இருக்கிறேன், அங்கே இரண்டு பக்கமும் கேள்வி கேட்க ஆள் உண்டு.

---

சோனகதெரு (#24)

வெள்ளிக்கிழமை இல்லாமல் பார்த்து வையுங்கள், வருகிறேன்.